சொற்பொருள் தெரிந்தும் பத்தி புரியவில்லை: ஆங்கிலவழிப் பல்கலைக்கழக வகுப்புகளுக்கு எப்படித் தயாராவது?

முதலாண்டு மாணவி:
பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ் வழியில் முடித்துவிட்டு, இப்போது வேதியியல் இளநிலைப் படிப்பின் முதல் பருவத்தில் இருக்கிறேன். வகுப்புகள் அனைத்தும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஆங்கிலச் செய்தித்தாளை ஓரளவு தடையின்றி வாசிக்க முடிகிற எனக்கு, பாடநூலின் ஒரு பக்கத்தைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. தெரியாத சொல் ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் தமிழ்ப் பொருளை எழுதி வைக்கிறேன். பக்கம் நிரம்பிய பிறகும் பத்தி என்ன சொல்கிறது என்பது பிடிபடுவதில்லை. வகுப்பில் நிலைமை இன்னும் மோசம். ஆசிரியர் சொன்ன ஒரு வாக்கியத்தை எழுதி முடிப்பதற்குள் அவர் மூன்று வாக்கியங்களைத் தாண்டிவிடுகிறார். இலக்கணப் புத்தகத்தை முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டுமா?

ஆய்வு மாணவர்:
இலக்கணப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் சிக்கல் சொல்லில் இல்லை, வாக்கியம் கட்டப்படும் முறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘கரைப்பான் விரைவாக ஆவியானதால் சிறு படிகங்கள் உருவாயின’ என்று நாம் இயல்பாகச் சொல்வதை, ஆங்கிலப் பாடநூல் ‘கரைப்பானின் விரைவான ஆவியாதல் சிறு படிகங்களின் உருவாக்கத்திற்குக் காரணமாயிற்று’ என்ற அமைப்பில் எழுதும். வினைகளெல்லாம் தொழிற்பெயர்களாக மாறிவிடுவதால் எது நடந்தது, எதனால் நடந்தது என்பது மறைந்துபோகிறது. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதுவதை விட்டுவிட்டு, அந்தத் தொழிற்பெயர்களை மட்டும் வட்டமிட்டு, அவற்றை மீண்டும் வினைமுற்றாக்கி ஓரத்தில் ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வரும், முதன்மை வினை கடைசியில் வரும். ஆங்கிலத்திலோ வினை முன்பே வந்துவிடுகிறது, பெயரைப் பற்றிய விளக்கத் தொடர் அந்தப் பெயருக்குப் பின்னால் வால் போல நீள்கிறது. வாக்கியத்தின் முடிவுக்காகக் காத்திருந்தே பழகிய நாம், தொடக்கத்திலேயே சொல்லப்பட்டுவிட்ட செய்தியைத் தவறவிட்டு, வாலைப் பிடித்துக்கொண்டு திண்டாடுகிறோம். எனக்கு இது விளங்கவே ஓராண்டு ஆயிற்று.

சொற்களைப் பொறுத்தவரை, துறைச் சொற்களை ஆசிரியரே விளக்கிவிடுவார். யாரும் விளக்காதவை எல்லாத் துறைகளுக்கும் பொதுவான ‘அஸ்யூம்’, ‘கன்சிஸ்ட்’, ‘சிக்னிஃபிகண்ட்’ போன்றவைதாம். வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் இத்தகைய 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உள்ளன. கல்விசார் நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ 10 விழுக்காடு இவையே என்பதால், பொது அகராதியைப் புரட்டுவதைவிட இதில் செலவிடும் நேரம் வீண்போகாது.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
மேலே சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. குறிப்பெடுப்பது பற்றி மட்டும் எழுதுகிறேன். வகுப்பில் முழு வாக்கியம் எழுதவே கூடாது. எழுதுகிற கை ஓடும்போது கேட்கிற காது மூடிக்கொள்கிறது. முந்தைய நாள் இருபது நிமிடம் ஒதுக்கி, பாடத்தின் தலைப்புகளையும் படங்களையும் அட்டவணைகளையும் மட்டும் பார்த்துவிட்டுச் சென்றால், மறுநாள் ஆசிரியர் எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்பதாவது தெரியும். ‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’ போன்ற திருப்புச் சொற்கள் காதில் விழும்போது நிமிர்ந்து உட்காருங்கள். ‘ஹவெவர்’ என்பதற்கு முன்னால் வந்தது பெரும்பாலும் மறுக்கப்படப் போகும் கருத்து, பின்னால் வருவதே அவர் சொல்ல நினைப்பது.

தாளைப் பிரிப்பதற்குக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் 1950களில் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. இடப்பக்கம் சுமார் இரண்டரை அங்குலம் வெறுமையாக விட்டு, வலப்பக்கத்தில் குறிப்பெடுங்கள். அன்றிரவே அந்த வெற்றிடத்தில் குறிப்புகளைக் கேள்விகளாக மாற்றி எழுதிவிட்டு, வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு விடை சொல்லிப் பாருங்கள். அடியில் இரண்டு அங்குலம் சுருக்கத்திற்கு. அந்தச் சுருக்கத்தை முதலில் தமிழில் எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாமாண்டு மாணவர்:
கடைசி வரியில் மட்டும் மாறுபடுகிறேன், ஐயா. இரண்டு பருவங்கள் நானும் அப்படித்தான் தமிழில் சுருக்கம் எழுதினேன். பாடம் நன்றாகவே புரிந்தது. ஆனால் தேர்வறையில் விடையை மனத்துக்குள் தமிழில் அமைத்து ஆங்கிலத்திற்கு மாற்றிக்கொண்டிருந்ததில், ஐந்து கேள்விகளில் மூன்றுக்குத்தான் நேரம் கிடைத்தது. கேள்வியின் ஏவல் வினையைக் கவனிக்காததும் என் தவறு: ‘டிஸ்கஸ்’ என்று கேட்டிருக்க, தெரிந்ததையெல்லாம் வரிசையாக எழுதி வைத்தேன், பல கோணங்களை எடைபோட வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
நியாயமான திருத்தம். அப்படியானால் தமிழ்ச் சுருக்கத்திற்குக் கீழேயே, அகராதி பார்க்காமல், மூன்று எளிய ஆங்கில வாக்கியங்களை அன்றே எழுதும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

முதலாண்டு மாணவி:
அனைவருக்கும் நன்றி. நேற்று ஒரு பக்கத்தில் பதினோரு தொழிற்பெயர்களை வட்டமிட்டேன். அவற்றுள் நான்கை வினையாக்கியதும் பத்தி திறந்துகொண்டது. ஓர் ஐயம் மட்டும் மிஞ்சுகிறது. ஆய்வக அறிக்கையில் ‘இது நிரூபிக்கிறது’ என்று நான் எழுதிய இடத்தைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறார்கள். இலக்கணப் பிழை ஏதும் எனக்குத் தெரியவில்லை.

ஆய்வு மாணவர்:
பிழை இலக்கணத்தில் இல்லை. ஒரே ஒரு சோதனையை வைத்துக்கொண்டு ‘ப்ரூவ்’ என்று எழுதினால் அளவுக்கு மீறிய உறுதி ஆகிவிடும். ‘சஜெஸ்ட்’ என்று எழுதுங்கள். ‘இவ்வாறு இருக்கக்கூடும் என்று தோன்றுகிறது’ என நாம் சொல்வதற்கு நிகரானது. உங்கள் அளவீட்டை எத்தனை முறை திரும்பச் செய்தீர்கள் என்பதையும் அதே பத்தியில் குறிப்பிட்டுவிடுங்கள்.