ஊதிய ஒப்பந்தத்தில் தொற்றுநோய்க் கால விதி: எதைக் கேட்டுப் பெறுவது?

கேள்வி

தோழர்களுக்கு வணக்கம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சங்கச் செயற்குழு உறுப்பினராக இருக்கிறேன். அடுத்த ஊதிய ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியலைத் தயாரித்து வருகிறோம். கொரோனா இரண்டாம் அலையின்போது வேலை பார்த்த மூத்த தொழிலாளர்கள் தொற்றுநோய்க் காலத்துக்கெனத் தனி விதி வேண்டும் என்கிறார்கள். பின்னர் சேர்ந்த இளைஞர்களோ, அதைக் காரணம் காட்டி நிர்வாகம் ஊதிய உயர்வைக் குறைத்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். 2021 மே மாதத்தில் எங்கள் ஷிப்டில் யாருக்குத் தொற்று என்பதைக்கூட நிர்வாகம் தெரிவிக்கவில்லை. அருகில் நின்றவர் வேலைக்கு வராமல் போனபோதுதான் நாங்களாகவே ஊகித்துக்கொண்டோம். அப்போது எங்களுக்குச் சங்கம் இல்லை. மருத்துவக் காப்பீட்டை உயர்த்தக் கேட்டால் போதுமா, வேறு எதையும் எழுத்தில் பெற வேண்டுமா?

மறுமொழி 1

தோழர், காப்பீடு தேவைதான். ஆனால் அது நோய் வந்த பிறகு கிடைப்பது. தொழிலாளர்கள் 2021இல் போராடியது நோய் வராமல் தடுப்பதற்காக. அந்த ஆண்டு மே 24 முதல் தமிழ்நாட்டில் தளர்வுகளற்ற ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோதும், கார் தொழிற்சாலைகள் இயங்க அனுமதி இருந்தது. ஊரே வீட்டுக்குள் இருக்கும்போது நாங்கள் மட்டும் ஏன் பேருந்தில் நெருக்கியடித்து வேலைக்குப் போக வேண்டும் என்ற கேள்வி அங்கிருந்துதான் எழுந்தது. ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். ஆலை சில நாட்கள் மூடப்பட்டது. ஒரகடம் ரெனால்ட் நிசான் ஆலையின் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி அமர்வு அந்த வழக்கை விசாரித்தது. தொழிலகப் பாதுகாப்புத் துறை அதிகாரி ஆலைக்கே நேரில் சென்று பார்க்க வேண்டியதாயிற்று.

அந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது, பிரச்சினையின் மையத்தில் அசெம்பிளி லைனின் ஓட்டம் இருந்தது என்பதுதான். வண்டிகளைச் சுமந்து செல்லும் கன்வேயர் நிற்காமல் நகர்கிறது; குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்க முடியாதவர் வண்டியோடு நடந்து அடுத்தவரின் இடத்துக்குள் போய்விடுகிறார். அப்படியிருக்க, தரையில் வட்டம் வரைந்து இடைவெளியைக் காப்பாற்ற முடியாது. லைனில் இடையிடையே வண்டியில்லாத இடம் விட்டால்தான் ஆட்களுக்கிடையே தூரம் உண்டாகும். இடம் விட்டால் உற்பத்தி எண்ணிக்கை குறையும். ஆகவே நோய்த்தடுப்பு என்பது உற்பத்தி இலக்கைப் பற்றிய பேச்சுவார்த்தையாகவே மாறிவிடுகிறது, அந்தப் பேச்சுவார்த்தையில் தனியொரு தொழிலாளியால் வாய் திறக்கவே முடியாது. தொற்றுக் காலத்தில் லைனின் வேகத்தைச் சங்கத்துடன் பேசியே முடிவு செய்ய வேண்டும் என்ற ஒரு வரியை நீங்கள் பெற்றால், காப்பீட்டுத் தொகை இரட்டிப்பானதைவிட அதை நான் பெரிதாக மதிப்பேன்.

மறுமொழி 2

சட்டத்தில் உள்ளதைத் தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். 100 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில், நிர்வாகம், தொழிலாளர் என இரு தரப்புக்கும் பிரதிநிதிகள் உள்ள பணிக்குழுவை அமைக்க அரசு உத்தரவிடலாம் என்பது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக வந்த புதிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்று பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் கூறுகிறது. தெரிவித்த பின் அந்த இடத்தைவிட்டு விலகி நின்றால் தண்டனை வருமா என்பதுதான் தொழிலாளியின் உண்மையான அச்சம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் உடன்படிக்கை, நியாயமான காரணத்தோடு அப்படி விலகுபவருக்குப் பாதுகாப்பு தர வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் அதே கருத்தை உங்கள் சொற்களில் எழுதிக் கேளுங்கள்.

பெருந்தொற்று என்று சொல்லியே உரிமைகளைக் குறைக்கவும் முயன்றார்கள் என்பதையும் இளைஞர்களிடம் சொல்லுங்கள். குஜராத் அரசு 2020இல் 12 மணி நேர வேலைக்கு அனுமதியளித்து, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி தேவையில்லை என்றது. ஒரு தொழிற்சங்கம் வழக்குத் தொடுத்ததால்தான் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று அதை ரத்து செய்தது. தொற்றுக் கால விதியும் கூலியும் தனித்தனியானவை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மறுமொழி 3

கான்ட்ராக்ட் தொழிலாளர்களை விட்டுவிடாதீர்கள். கொரோனாவால் இறந்த, காப்பீடு பெற்றிருந்த தொழிலாளியின் குடும்பத்துக்குச் சராசரி நாட்கூலியில் 90 விழுக்காடு வழங்கும் திட்டத்தை இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம்) கொண்டுவந்தது. நல்ல திட்டம்தான், ஆனால் முந்தைய ஓராண்டுக்குள் 70 நாட்களுக்காவது சந்தா செலுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் சந்தா விட்டுப்போகிறவர்களின் குடும்பங்களுக்கு இந்த நிபந்தனை எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களும் அதே கேண்டீனில்தான் சாப்பிடுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. லைன் வேகம், தொற்று விவரத்தை உடனே தெரிவித்தல், விலகி நிற்பவருக்குப் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கும் சேர்த்தே எழுதப்போகிறோம். ஆபத்து இருக்கிறதா இல்லையா என்பதை யார் முடிவு செய்வது என்று நிர்வாகம் கேட்டால் என்ன சொல்வது?

மறுமொழி 2 எழுதியவர்

இரு தரப்பிலிருந்தும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள் உள்ள குழு அன்றைக்கே அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றும், கருத்து ஒன்றுபடாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றும், அவர் வந்து பார்க்கும்வரை அந்தப் பணியிடத்தில் மட்டும் வேலை நிறுத்தப்பட்டு முழுச் சம்பளம் வழங்கப்பட வேண்டும் என்றும் எழுதுங்கள். சம்பளம் பற்றிய பகுதியை நிர்வாகம் கடுமையாக எதிர்க்கும். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கூலி போய்விடும் என்றால், காய்ச்சலோடு இருப்பவரும் அதை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவார்.