பாம்பன் பாலம் ஏறும்போது நாக்கிங்: பந்தயம் ஓடிய பழைய ஃபியட் 1100, விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

கேள்வி: உச்சிப்புளியிலிருந்து

வணக்கம். 1960களின் கடைசியில் வந்த ஃபியட் 1100 டிலைட் ஒன்றைக் கீழக்கரையில் பேசி வாங்கினேன். பல வருடங்களாக ஒரு வீட்டின் பின்கட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த வண்டி. கார்புரேட்டரைக் கழுவி, பாயிண்ட், கண்டன்சர், பிளக் எல்லாம் புதிதாகப் போட்டதும் உயிர் வந்துவிட்டது. சமதரையில் அருமையாக ஓடுகிறது. ஆனால் பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதித்தால், ஆணிகளைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல நாக்கிங் (இன்ஜினுக்குள் பெட்ரோல் தப்பாக வெடித்துத் தட்டும் சத்தம்) கேட்கிறது. டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி வரும் நேரத்தை, பின்னால் தள்ளினால் சத்தம் குறைகிறது, ஆனால் இழுவை போய்விடுகிறது, ரேடியேட்டரும் கொதிக்கிறது.

இரண்டாவது விஷயம். டிங்கர் பெயிண்டைச் சுரண்டியபோது ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு வெள்ளை வட்டம் வெளிப்பட்டது. அதற்குள் கருப்பில் 7 என்ற எண். முன் சீட்டுகளுக்குப் பின்னால் தரையில் இரண்டு பக்கமும் கனமான தகடு வெல்டிங் செய்து போல்ட் ஓட்டை போட்டிருக்கிறார்கள். பின் சீட்டுக்கான கொக்கிகளே இல்லை. இது பந்தயம் ஓடிய வண்டியா? எந்தப் பட்டறையில் செய்திருப்பார்கள்?

மூன்றாவது, கதவுக்கு அடியில் இருக்கும் பெட்டிச் சட்டம் துருப்பிடித்து உதிர்கிறது. விசைப்படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டி அடிப்பது போலக் காரிலும் அடிக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். சரிதானா?

ராமநாதபுரத்தில் எங்கே விசாரித்தாலும் ஸ்கேனர் வைத்திருக்கும் கடைக்கே வழி சொல்கிறார்கள். ஸ்கேனர் சொருக இந்த வண்டியில் இடமே கிடையாது. தெரிந்த பெரியவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: மண்டபம், படகு இன்ஜின் மெக்கானிக்

தம்பி, துத்தநாகக் கட்டி கடலுக்குள் கிடக்கும் இரும்புக்குத்தான் வேலை செய்யும். கட்டியும் இரும்பும் ஒரே தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் கரையும். காரின் மேல் படிவது மெல்லிய உப்பு ஈரம், அதுவும் அங்கங்கே திட்டுத் திட்டாக. கட்டியைச் சுற்றி விரலளவு இடத்துக்குப் பயன் இருக்கலாம், அதற்கு மேல் இல்லை. துத்தநாகம் அதிகமுள்ள பிரைமரைத் தகடு முழுக்க அடித்தால் பலன் உண்டு, ஏனென்றால் எல்லா இடத்திலும் அது இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

வண்டியை எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? போர் தண்ணீர் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். நம் கரையோரத்தில் பாதி போர் உப்புதான். மழைநீரோ லாரியில் வரும் நல்ல தண்ணீரோ கொண்டு அடிப்பகுதியைக் கழுவுங்கள். வெயில் படும் மேல்பக்கத்தைவிட மட்கார்டின் உள்பக்கமும் கதவின் அடியும்தான் முக்கியம்.

தார்ப்பாயையும் எடுத்துவிடுங்கள். சாதாரண உப்பு காற்றில் 75 சதவீத ஈரப்பதம் வந்தால் தானே நீர்விடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதற்கு மிகக் குறைந்த ஈரமே போதும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இரவு முழுக்கத் தகடு நனைந்தே இருக்கும். மேலே தார்ப்பாயும் கிடந்தால் பகலிலும் காயாது. காற்று புகும் ஓலைக் கொட்டகைதான் இங்கே நல்லது.

பதில் 2: ராமநாதபுரம், பழைய பட்டறைக்காரர்

தம்பி, எனக்கு இப்போது அறுபத்தைந்து வயதாகிறது. பதினான்கு வயதில் கேணிக்கரைப் பக்கம் ஒரு பட்டறையில் கையாளாகச் சேர்ந்தேன். பட்டறையின் பெயரும் முதலாளியின் பெயரும் வேண்டாம், குடும்பம் வெளிநாட்டில் இருக்கிறது. உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அங்கே குழி கிடையாது. வாடைக் காலத்தில் குழி வெட்டினால் தண்ணீர் ஊறி நிற்கும். அதனால் இரண்டு முற்றிய பனைகளைப் பிளந்து சரிவாக அடுக்கி, அதன்மேல் வண்டியை ஏற்றித்தான் அடியில் வேலை பார்ப்போம். வைரம் பாய்ந்த பனைக்கு ஃபியட்டின் பாரம் ஒன்றுமே இல்லை, ஜீப்பையே தாங்கியது. பழைய இன்ஜின் ஆயில் ஊறிக் கருத்துப்போன அந்தச் சட்டங்களின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மேஸ்திரி அதன் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டுவார். எந்த ஸ்பேனர் என்று கேட்க மாட்டார். அவர் எந்த போல்ட்டில் இருக்கிறார் என்று நாங்களே பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். தொழில் கற்றது அப்படித்தான்.

சோழவரம் பந்தயத்துக்கு எங்கள் பட்டறையிலிருந்து வண்டிகள் போனதுண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் அது. இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் வரும்வரை சென்னைப் பந்தயம் என்றாலே சோழவரம்தான். ஃபியட், ஹெரால்டு, அம்பாசிடர் எல்லாம் ஓடும். பிறகு கண்ணாடியிழை உடம்போடு சிபானி டால்பின் என்ற சின்னக் கார் வந்தது. நம் கடற்கரைக்குப் பொருத்தமான உடம்பு அது, துருவே பிடிக்காது. சோழவரம் இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் வசதியெல்லாம் கிடையாது. அதே வண்டியை ஓட்டிக்கொண்டு போய், அங்கே பின் சீட்டைக் கழற்றி, பந்தயம் ஓட்டி, திரும்பவும் ஓட்டிக்கொண்டு வருவோம். நீங்கள் சொல்லும் தகடுகள், வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் உருள்கம்பிச் சட்டத்துக்குப் போட்டவைதான். சந்தேகமே வேண்டாம்.

இனி நாக்கிங். பந்தயத்துக்கு முதல் வேலை ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, அடியில் சீவுவது. உள்ளே இடம் குறைந்து அமுக்கம் கூடும், இழுவையும் கூடும், நாக்கிங்கும் வரும். உங்கள் வண்டியிலும் சீவியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். திறக்காமலே பார்க்க ஒரு வழி உண்டு. ராக்கர் மூடியைக் கழற்றி, வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டாப்பெட் திருகுகளைப் பாருங்கள். ஹெட் சீவினால் வால்வை அழுத்தும் ராக்கர் கீழே இறங்கும், அதைக் கீழிருந்து தள்ளும் புஷ்ராடின் நீளம் மாறாது. அதனால் திருகுகளெல்லாம் வழக்கத்துக்கு மேல் பின்னால் வாங்கியிருக்கும்.

அளந்தே பார்க்க வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். பிளக் பக்கம் மேலே வருமாறு வண்டியை ஜாக்கியில் சாய்த்துத் தூக்குங்கள். முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேலுச்சியில் நிறுத்துங்கள், இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து, மருந்துக்கடை ஊசிக் குழாயால் பிளக் ஓட்டையின் மரை தொடங்கும் இடம்வரை ஊற்றி, எத்தனை சிசி போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரிங் வழியாக இறங்குவதற்குள் முடிக்க வேண்டும். இந்த இன்ஜின் 68 மில்லிமீட்டர் போர், 75 மில்லிமீட்டர் ஸ்டிரோக், ஆக சிலிண்டருக்கு 272 சிசி. 272ஐ நீங்கள் அளந்த சிசியால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் அதுதான் அமுக்க விகிதம், கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்ற கணக்கு. 36 சிசி வந்தால் எட்டரை, கவலையில்லை. 30 சிசி வந்தால் பத்து. பந்தய பெட்ரோலுக்கு அது சரி, பாம்பன் பாலத்துக்குச் சரிப்படாது.

அதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரின் தட்டைக் கழற்றி, உள்ளே பொறியின் நேரத்தை முன்னால் தள்ளும் எடைகள் தாராளமாக விரிந்து சுருங்குகின்றனவா என்று பாருங்கள். மூடிக் கிடந்த வண்டியில் அவை துருவேறி விரிந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். அதனாலும் நாக்கிங் வரும்.

எங்கள் பட்டறை வேலையா என்று கேட்டால் ஒரு அடையாளம் சொல்கிறேன். ஹெட்டை ஒவ்வொரு முறை சீவும்போதும் முதல் பிளக்கின் பக்கத்தில், அலுமினியத்தின் மேல், மேஸ்திரி பஞ்ச் உளியால் ஒரு புள்ளி குத்துவார். அடுத்து யார் திறந்தாலும் எத்தனை முறை சீவியது என்று தெரிய வேண்டும் என்பார். அந்த நேர்மை எனக்கு இன்றும் பெரிதாகத் தோன்றுகிறது.

மாருதி வந்த பிறகு வேலை மெல்ல மெல்லக் குறைந்தது. முதலாளியின் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போனார்கள். பட்டறையை மூடியபோது பனஞ்சட்டங்களை யாரோ வீட்டு உத்தரத்துக்கு வாங்கிக்கொண்டார்கள். அது பரவாயில்லை. ஒரு தகரப் பெட்டி நிறைய பித்தளைத் தகட்டில் வெட்டிய கேஸ்கெட் அச்சுகள் இருந்தன, இரண்டு பாகங்களுக்கு நடுவில் கசியாமல் வைக்கும் தகட்டை வெட்ட. ஃபியட்டுக்கு, ஹெரால்டுக்கு, அம்பாசிடருக்கு, ஜீப்புக்கு என்று மேஸ்திரி தன் கையால் அரம் போட்டுச் செய்தவை, ஒவ்வொன்றிலும் வண்டியின் பெயரைப் பொறித்திருந்தார். அவற்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டார்கள். அப்போது நான் மதுரையில் வேலையில் இருந்தேன், தெரிந்திருந்தால் கடன் வாங்கியாவது எடுத்திருப்பேன். இந்தக் கரையில் பழைய வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் அந்தப் பெட்டி இன்று தேவைப்படுகிறது.

கேட்டவர்: உச்சிப்புளி

ஐயா, மிக்க நன்றி. டிஸ்ட்ரிபியூட்டர் எடைகள் நன்றாகவே இருக்கின்றன. டாப்பெட் திருகுகள் நீங்கள் சொன்னபடியே வெகுவாகப் பின்னால் இருக்கின்றன. அளந்தால் 29 சிசி வந்தது. முதல் பிளக்கின் பக்கத்தில் கிரீஸைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், புள்ளி எதுவும் இல்லை.

செம்புத் தகட்டில் கூடுதல் கேஸ்கெட் வெட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்று மதுரையில் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில் 3: ராமநாதபுரம், பழைய பட்டறைக்காரர்

29 என்றால் விகிதம் பத்தரையை நெருங்குகிறது. புள்ளி இல்லையென்றால் எங்கள் மேஸ்திரி கை வைத்த ஹெட் இல்லை. மதுரையிலோ கோவையிலோ செய்திருக்கலாம்.

செம்பு வேண்டாம். கணக்குப்படி ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 3.6 சிசி கூடும், இரண்டு மில்லிமீட்டர் போட்டால் எட்டரைக்கு வந்துவிடும், அது உண்மைதான். நாங்களும் செம்பு போட்டிருக்கிறோம். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இரும்பு கெட்டிப்படும், செம்பு இளகும். மேஸ்திரி எங்களிடம் முதலில் கேட்ட கேள்வியே அதுதான். ஆனால் அது பந்தய இன்ஜின், அடுத்த மாதமே திறந்துவிடுவோம். உங்கள் ஹெட் அலுமினியம். அலுமினியத்தோடு செம்பு சேர்ந்து, நடுவில் நம் ஊர் உப்புத் தண்ணீரும் ஓடினால் தண்ணீர்ப் பாதைகளை அரித்துத் தின்றுவிடும். ரேடியேட்டருக்கு வடிநீரும் கூலண்டும் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

சீவாத ஹெட் ஒன்றைத் தேடுங்கள். பிரீமியர் பத்மினியும் இதே 1089 சிசி குடும்பம்தான். மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு சாலையைவிட்டுப் போய்விட்டன, பழைய உதிரிகள் இன்னும் கொஞ்ச காலம்தான் கிடைக்கும். இப்போதே வாங்குங்கள். பழைய ஹெட்டை விற்றுவிடாதீர்கள், எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வையுங்கள். அந்த வண்டி எங்கே ஓடியது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

பெட்ரோல் குழாய்களையும் மாற்றுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது. நாக்கிங்குக்கு அது நல்லதே. ஆனால் பழைய ரப்பர் ஊறி வெடிக்கும், பெட்ரோல் பம்பின் டயாபிரமும் போகும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுப்பதால், ஓட்டாமல் நிறுத்தினால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறையாவது மண்டபம்வரை நன்றாகச் சூடேற ஓட்டிவிட்டு வாருங்கள்.

பெட்டிச் சட்டத்தின் மேல் பட்டி பூசி மூட யாரையும் விடாதீர்கள். ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் உண்டு, ஃபியட்டுக்கு உடம்பேதான் சேசிஸ். அந்தச் சட்டம் போனால் கதவு தொங்கும், வண்டி நடுவில் வளையும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும். அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளைத் திறந்துவிட்டு, உள்ளே மெழுகு கலந்த எண்ணெய் அடிக்க வேண்டும். தார் பூச வேண்டாம், அது விரிசல்விட்டால் உப்புத் தண்ணீர் உள்ளேயே நிற்கும்.

பதில் 4: கீழக்கரை

தம்பி, நான் பெண்பிள்ளை, வண்டி வேலை எதுவும் தெரியாது. ஆனால் எங்கள் வாப்பாவின் ஆல்பத்தில் ஒரு ஃபியட்டின் படம் இருக்கிறது, கதவில் வெள்ளை வட்டம். பின்னால் நிறைய பேர் குடை பிடித்து நிற்கிறார்கள். எண் 7 இல்லை, 17. பெரிய காக்காவிடம் (அண்ணனிடம்) கேட்டேன், அது சோழவரம்தான், வண்டியைப் பிறகு ஊரிலேயே உறவுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்கிறார். உங்கள் கதவில் 7க்கு முன்னால் ஏதாவது இருக்கிறதா?

கேட்டவர்: உச்சிப்புளி

அக்கா, 7 வட்டத்தின் நடுவில் இல்லை, வலது பக்கம் தள்ளி இருக்கிறது. இடது பாதியை இன்னும் சுரண்டவில்லை. நாளைக்கே டிங்கரை வரச் சொல்கிறேன்.

பதில் 5: ராமநாதபுரம், பழைய பட்டறைக்காரர்

டிங்கரைப் பிளேடோடு விடாதீர்கள், அடியில் இருக்கும் எழுத்தும் சேர்ந்து போய்விடும். 600ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை நல்ல தண்ணீரில் நனைத்து, சோப்புத் தடவி, நீங்களே உங்கள் கையால் மெதுவாகத் தேயுங்கள். மேல் பெயிண்டின் நிறம் தண்ணீரில் வருவது நின்றதும் நிறுத்திவிட வேண்டும். 1 இருந்தால் அந்தக் கதவை மட்டும் பெயிண்ட் அடிக்காமல், மேலே தெளிந்த லாக்கர் கொடுத்து அப்படியே விடுங்கள். அந்த அம்மா அனுமதி கொடுத்தால், படத்தில் பின் மட்கார்டுக்குப் பக்கத்தில் புகைக்குழாய் எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அதை வைத்து யார் வேலை என்று என்னால் சொல்ல முடியலாம்.