வாசல் படிக்கட்டின் அடியில் விரிசல்: இடித்துக் கட்டுவதா, சரிசெய்வதா?

கரிசல்வாசி (கோவில்பட்டி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கோவில்பட்டிக்கு அருகே கரிசல் நிலத்தில் 2009ஆம் ஆண்டு கட்டப்பட்டது. பேஸ்மட்டம் தரையிலிருந்து மூன்றடி உயரம் என்பதால், வாசலில் ஐந்து கான்கிரீட் படிகளும் அவற்றுக்கு மேல் நான்கடி அகலத்தில் ஒரு மேடையும் இருக்கின்றன. மேடை இரண்டு பக்கச் செங்கல் சுவர்கள் மீது தளமாகப் போடப்பட்டிருக்கிறது. அதன் கீழ் மோட்டார் வைப்பதற்காகப் பொந்து போன்ற ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். முன்னால் உள்ள படிகள் மண் நிரப்பி அதன் மேல் வார்க்கப்பட்டவை.

இப்போது மூன்று இடங்களில் விரிசல் தெரிகிறது. வீட்டுச் சுவரும் மேடையும் சேரும் இடத்தில், மேலிருந்து பார்த்தால் ஒரு பிளேடு மட்டுமே நுழைகிறது. ஆனால், பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் அதே இடத்தின் அடிப்பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருக்கிறது. பக்கச் சுவரில் செங்கல் இணைப்புகளை ஒட்டிப் படிப்படியாக ஏறும் சாய்வான விரிசல் ஒன்று உள்ளது. மூன்றாவதாக, மேடைத் தளத்தின் அடியில் நேர்கோடாக ஒரு கீறலும் அதையொட்டிப் பழுப்புக் கறையும் காணப்படுகின்றன. காலையில் வாசல் தெளித்தால் தண்ணீர் தெருப் பக்கம் ஓடாமல் நிலைப்படி ஓரமாகவே தேங்குகிறது. இரண்டாவது படியைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போல் ஒலிக்கிறது.

கொத்தனார் ஒருவர் சிமென்ட் கலவை வைத்து அடைத்துக் கொடுத்தார். அடுத்த கோடையில் அதே இடம் மீண்டும் விட்டுவிட்டது. முழுவதையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்று இப்போது சொல்கிறார்கள். முழங்கால் வலியுள்ள என் தாயார் தினமும் ஏறி இறங்கும் படி இது என்பதால், எதைச் செய்தாலும் உறுதியாகச் செய்ய விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தூக்குக்குண்டு (ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்) எழுதியது:

அன்பரே, நீங்கள் தந்திருக்கும் விவரங்களிலேயே பாதி விடை இருக்கிறது. மேலே குறுகியும் கீழே அகன்றும் உள்ள பிளவு, நிலைப்படி ஓரம் தேங்கும் தண்ணீர், பக்கச் சுவரில் சாய்வான விரிசல் ஆகிய மூன்றும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. படிக்கட்டின் வீட்டுப் பக்க முனை கீழே இறங்கி, மேடை சுவரின் மீது சாய்ந்து நிற்கிறது. தெருப் பக்க முனை இறங்கியிருந்தால் பிளவு மேலே அகன்றிருக்கும், தண்ணீரும் தெருவுக்கே ஓடியிருக்கும்.

வீட்டுப் பக்கம் ஏன் இறங்குகிறது என்றால், வீட்டுக்கு வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டும்போது சுவருக்கு வெளியேயும் இரண்டு மூன்றடி அகலத்துக்கு மண் வெட்டப்படும். சுவர் எழும்பிய பிறகு அந்தப் பள்ளத்தில் எடுத்த மண்ணையே தள்ளி மூடிவிடுவார்கள். அதைத் திமிசு போட்டுக் கெட்டிப்படுத்துவோர் மிகக் குறைவு. படிக்கட்டு கடைசி வேலையாக வருவதால், அதன் பின்பகுதி சரியாக இந்த இளகிய மண்ணின் மீதும் முன்பகுதி தோண்டப்படாத கெட்டி நிலத்தின் மீதும் அமர்ந்துவிடுகிறது. வீட்டின் கடைக்கால் ஆழத்தில் இருப்பதால் அது அசைவதில்லை. ஒன்றரை அடி ஆழத்தில் நிற்கும் படிக்கட்டுதான் அசைகிறது.

இதோடு கரிசல் மண்ணின் இயல்பும் சேர்கிறது. கரிசலில் உள்ள மான்ட்மோரில்லோனைட் வகைக் களிமண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பருவத்துக்குப் பருவம் இந்த அசைவு ஏறக்குறைய 3.5 மீட்டர் ஆழம் வரை இருக்கக்கூடும். இத்தகைய மண்ணுக்காகத்தான் ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குமிழ்போல் அகன்ற பைல் (நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்) முறையை உருவாக்கிப் பரப்பியது. ஆகவே உங்கள் பிளவு ஐப்பசி, கார்த்திகை மழையில் குறைந்து, சித்திரை, வைகாசியில் விரியும். கோடையில் அகன்று கிடக்கும்போது அதில் சிமென்டைத் திணித்தால், மழைக்காலத்தில் மண் உப்பி மேடை மேலெழும்போது அந்தச் சிமென்ட் ஆப்பாக நின்று சுவரையும் தளத்தையும் நெரிக்கும். அடுத்த கோடையில் அதுவே பிய்ந்து விழும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று கருதுகிறேன்.

எனவே வீட்டுக்கும் படிக்கட்டுக்கும் இடையிலுள்ள பிளவை விரிசலாகக் கருதி ஒட்டவைக்க முயலாதீர்கள். அது தொடக்கத்திலேயே விட்டிருக்க வேண்டிய இடைவெளி. உள்ளே இருக்கும் பழைய சிமென்டைச் சுரண்டி எடுத்து, 10 முதல் 12 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரே சீராக வெட்டிக்கொள்ளுங்கள். அதில் ஃபோம் கயிற்றை உள்ளே தள்ளி, மேலே பாலியூரித்தேன் சீலன்ட் (ரப்பர் போல நீண்டு சுருங்கும் அடைப்புப் பசை) நிரப்புங்கள். சீலன்டின் ஆழம் அகலத்தில் பாதியளவு இருந்தால் போதும். அது இருபக்கச் சுவர்களில் மட்டும் ஒட்ட வேண்டுமே தவிர அடியில் ஒட்டக்கூடாது. அடியிலும் ஒட்டிக்கொண்டால் நீளும்போது கிழிந்துவிடும். ஃபோம் கயிறு வைப்பது அதற்காகவே. டைல்ஸ் ஒட்டுவதாக இருந்தால் இந்தக் கோட்டின் மேல் டைல்ஸ் குறுக்கே போகக்கூடாது.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் தண்ணீரைப் பாருங்கள். மொட்டைமாடி மழைநீர்க் குழாய் படிக்கட்டின் பக்கத்தில் இறங்குகிறதா? சம்ப், கழிவுநீர்க் குழாய், குடிநீர்க் குழாய் எவையேனும் அதன் அடியில் போகின்றனவா? ஐந்து, ஆறு மீட்டருக்குள் வேப்பமரம் போன்ற பெரிய மரம் உண்டா? இவற்றுக்கான விடை தெரியாமல் கரணையை எடுக்க வேண்டாம்.

விருதுநகர் மேஸ்திரி எழுதியது:

பொறியாளர் ஐயா சொன்ன காரணத்தை எங்கள் பகுதியில் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். படிக்குள் கேட்கும் வெற்று ஒலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் படிக்கட்டுக்குள் ஆற்றுமணலோ எம்-சாண்டோ போட்டு நிரப்பும் வழக்கம் உண்டு. கரிசல் நிலத்தில் அது பெரும் தீங்கு. சுற்றிலும் களிமண், நடுவில் மணல் என்றால் இறங்கும் மழைநீர் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கி, அடிமண்ணை நாள்கணக்கில் ஊறவைக்கும். பக்கச் சுவரில் பெருச்சாளி வளை இருந்தால் அந்த மணலும் வெளியே வந்துவிடும். எனவே வளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வெற்றிடத்தை நிரப்ப வேண்டுமென்றால் கோடையில் செய்யாதீர்கள். மண் சுருங்கிக் கிடக்கும் நேரத்தில் கலவையால் நிரப்பினால், மழையில் மண் உப்புவதற்கு இடமின்றிப் படியைத் தூக்கிவிடும். மழை ஓய்ந்து மண் நன்றாக உப்பியிருக்கும் மார்கழிக் கடைசியிலோ தை முதலிலோ அப்போதும் எஞ்சியிருக்கும் வெற்றிடம்தான் உண்மையிலேயே மண் அரித்துப் போன இடம். படியின் மேற்பரப்பில் ஒன்றரை அங்குலத் துளைகளை இரண்டடிக்கு ஒன்றாகப் போட்டு, தாழ்ந்த படியிலிருந்து தொடங்கி, சுருங்காத வகை கிரவுட்டை (நீர்த்த சிமென்ட் கலவையை) ஊற்றிக்கொண்டு வாருங்கள். பக்கத்துத் துளையில் கலவை எட்டிப் பார்த்தால் அந்த இடம் நிறைந்துவிட்டது என்று பொருள். அழுத்தம் கொடுத்து ஏற்ற வேண்டாம், தன் எடையிலேயே இறங்கட்டும். ஊற்றுவதற்கு முன் வீட்டுச் சுவரை ஒட்டித் தெர்மாகோல் தகடு செருகிவிடுங்கள். இல்லையென்றால் கலவை அங்கே போய்ப் பிடித்து, படியும் வீடும் மறுபடியும் ஒன்றாகிவிடும்.

பக்கச் சுவர் விரிசலுக்கு, உடைந்த செங்கற்களை மட்டும் எடுத்து மாற்றிவிட்டு, மூன்று வரிசைக்கு ஒன்றாகப் படுக்கை இணைப்பை (செங்கல் வரிசைகளுக்கு இடையிலுள்ள கிடைக்கலவையை) சுரண்டி, துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியை விரிசலுக்கு இருபுறமும் ஒன்றரை அடி நீளும்படி வைத்துப் பூசுங்கள். கலவை 1:5 (ஒரு பங்கு சிமென்டுக்கு ஐந்து பங்கு மணல்) போதும். சிமென்டை அதிகமாகப் போட்டால் பலம் என்று நினைத்து 1:3 போடுகிறவர்கள் உண்டு. அது காயும்போது சுருங்கிப் புதிய கீறலை உண்டாக்கும்.

நெய்தல்வீடு (தூத்துக்குடி) எழுதியது:

மேடையின் அடியில் உள்ள நேர்கோட்டுக் கீறலை மற்ற இரண்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம். பழுப்புக் கறை இருப்பதால் அது மண்ணின் அசைவால் வந்ததாகத் தோன்றவில்லை. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், கம்பியின் போக்கிலேயே கான்கிரீட்டைப் பிளக்கும். கடலோரத்தில் உப்புக் காற்றால் இது விரைவில் வரும். உங்கள் ஊரில் மோட்டார் பொந்தின் ஈரமும் கம்பிக்கு விட்ட கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) போதாததும் காரணமாக இருக்கலாம். தளத்துக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர் கவர் வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 சொல்கிறது. சிறு வேலைகளில் கவர் கட்டை வைக்காமல், கம்பி சென்ட்ரிங் பலகையிலேயே (கான்கிரீட்டைத் தாங்க அடியில் வைக்கும் பலகையிலேயே) கிடக்கக் கான்கிரீட் போட்டுவிடுவதை நாம் பார்க்கிறோம்.

எங்கள் வீட்டில் இதே பழுது வந்தபோது, கீறிய இடத்தை உடைத்து, புதிதாக உடைந்த பரப்பில் ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்த்தார்கள். இளஞ்சிவப்பாக மாறிய இடத்தில் கான்கிரீட்டின் காரத்தன்மை இன்னும் கம்பியைக் காக்கிறது. நிறம் மாறாத இடத்தில் அந்தக் காப்பு போய்விட்டது. அந்த எல்லை வரை உடைத்து எடுத்து, கம்பியின் பின்புறமும் விரல் போகும்படி விட்டு, கம்பித் தூரிகையால் பளபளக்கும் வரை தேய்த்து, துத்தநாக எபாக்சி ப்ரைமர் அடித்து, பிணைப்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே பாலிமர் கலவையை இரண்டு அடுக்காக ஏற்றினார்கள். கம்பியின் தடிமன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். உடைக்கத் தொடங்குவதற்கு முன் தளத்துக்குக் கீழே கட்டாயம் முட்டுக் கொடுங்கள். அந்த நாள்களில் அம்மாவைப் பின்வாசல் வழியாக அழைத்துச் செல்லுங்கள்.

கரிசல்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொறியாளர் ஐயா கேட்டவற்றைப் பார்த்துவிட்டேன். மொட்டைமாடிக் குழாய் மேடையின் இடப்பக்க மூலையில் இறங்கி, தரையிலிருந்து அரையடி உயரத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. சாய்வான விரிசலும் அதே பக்கத்துச் சுவரில்தான் இருக்கிறது. மரம் ஏதுமில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் நான்கடி அகல மேடை வீட்டுப் பக்கமாக 18 மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது. படிகளின் உயரங்களில் பெரிய வேறுபாடு இல்லை. இந்த நிலையில் இடிக்காமல் சமாளிக்க முடியுமா?

தூக்குக்குண்டு எழுதியது:

முடியும் என்றே கருதுகிறேன், ஆனால் ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். அந்தக் குழாயை இந்த வாரமே நீட்டி, படிக்கட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளித் தண்ணீர் விழும்படி செய்யுங்கள். சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு, மீட்டருக்கு 3 சென்டிமீட்டர் வெளிச்சரிவுடன் தளம் போடுங்கள். அந்தத் தளத்துக்கும் சுவருக்கும் இடையிலும் சீலன்ட் வேண்டும். பிறகு சாய்வான விரிசலின் மேல், நடுவில், அடியில் என மூன்று இடங்களில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளைக் குறுக்கே வைத்து, இரண்டு முனைகளையும் எபாக்சியால் ஒட்டித் தேதியை எழுதுங்கள். அருகிலேயே விரிசலின் இருபுறமும் ஓர் ஆணி வீதம் அடித்து, அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தை மாதம் ஒருமுறை வெர்னியரால் (மில்லிமீட்டரின் பகுதிகளையும் காட்டும் அளவுகோலால்) அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி உடைந்தால் அசைவு உண்டு என்று மட்டுமே தெரியும். எவ்வளவு, எந்தப் பருவத்தில் என்பதை ஆணிகள்தான் சொல்லும்.

மழையில் குறைந்து கோடையில் விரிந்து, ஆண்டு முடிவில் பழைய அளவுக்கே திரும்பினால், மேஸ்திரி சொன்னபடி தை மாதம் நிரப்பிவிட்டு, மேடையின் மேல் தெருப் பக்கச் சரிவுடன் புதிய மேற்பூச்சுப் போட்டுக்கொள்ளலாம். அப்போது மேல்படியின் உயரம் மற்றப் படிகளிலிருந்து மாறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலியுள்ளவர்களைத் தடுமாற வைப்பது உயரமான படி அல்ல, ஒன்றுக்கொன்று வேறுபடும் படிதான். ஒருபுறம் கைப்பிடிக் கம்பியும் வைத்துவிடுங்கள், ஆனால் அதன் இரு முனைகளையும் படிக்கட்டிலேயே பொருத்துங்கள். ஒரு முனையை வீட்டுச் சுவரில் பதித்தால், நாம் பாடுபட்டுப் பிரித்ததை அந்தக் கம்பி சேர்த்துவிடும்.

மாறாக, அளவு திரும்பாமல் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போனால் இடிப்பதுதான் சரி. அப்போது வீட்டுப் பக்கத்து இளகிய மண்ணை மூன்றடி ஆழத்துக்கு எடுத்துவிட்டு, உப்பாத சரளை மண்ணை அரையடி அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் ஈரப்படுத்தித் திமிசு போட்ட பிறகு கட்டச் சொல்லுங்கள். கான்கிரீட்டின் வலிமை எம்20 என்னும் தரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பிபிசி (போர்ட்லண்ட் பொசோலானா) சிமென்ட் என்றால் 10 நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். மேடைத் தளத்தின் துருவை மட்டும் எதற்காகவும் காத்திருக்காமல் இப்போதே பாருங்கள். முட்டுக் கொடுக்கும்போது பொந்திலுள்ள மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.