மறு: ஆய்வேட்டகமா, ஆய்வு வைப்பகமா?

எல்லோருக்கும் வணக்கம்.

கல்லூரி, பல்கலைக்கழக ஆய்வுகளின் கோப்புகளை எல்லாம் சேர்த்துவைத்துக் கணினிவழி எடுத்துத் தரும் இடத்துக்கு (institutional repository) தமிழில் என்ன பெயர் என்ற பேச்சில் 'ஆய்வேட்டகம்' என்றீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, ஆனால் அதற்குள் ஆய்வேடு மட்டும்தானே அடங்கும்? நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலமாரியில் எண்ணூர்க் கழிமுகத்துத் தண்ணீரில் அனல்மின் நிலையச் சாம்பல் கலப்பதைப் பற்றி ஒரு முதுகலை மாணவி செய்த திட்டப்பணி இருக்கிறது. சிவப்பு ரெக்சின் அட்டை, பொன்னெழுத்து எல்லாம் சரி, ஆனால் உண்மையான சரக்கு பின்னட்டையில் ஒட்டிய காகித உறைக்குள் இருக்கும் சிடியில்தான்: எந்த இடத்தில், என்றைக்குத் தண்ணீர் எடுத்தார், அளவீடு என்ன என்று எல்லாம் எக்செல் கோப்பாக. இன்னொரு மாணவர் காசிமேட்டில் மீன் பெயர்களைக் கேட்டுப் பதிவுசெய்த ஒலிக்கோப்புகள், பின்னி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிடம் எடுத்த நேர்காணல்கள், கருத்தரங்கச் சுவரொட்டிகள், பேராசிரியர்களின் அச்சேறாத கட்டுரைகள் வேறு. இதில் எதை ஏடு என்பது?

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்காவது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகளுக்குப் பிறகு ஷோத்கங்கா என்ற இணையத் தொகுப்பு இருக்கிறது. (ஆய்வு முன்வரைவுகளுக்கு ஷோத்கங்கோத்ரி. ஆற்றுக்கு ஒன்று, ஊற்றுக்கு ஒன்று என்று பெயர் வைத்தவர் கெட்டிக்காரர்.) முதுகலைத் திட்டப்பணியை அந்தந்தக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ வைத்துக் காப்பாற்றினால்தான் உண்டு, இல்லாவிட்டால் பழைய பேப்பர் கடைதான்.

'காப்பகம்' வேண்டாம் என்பேன். எழும்பூரில் அரசு ஆவணங்களுக்கென்றே ஆவணக்காப்பகம் இருக்கிறது, வெறும் காப்பகம் என்றால் குழந்தைகள் காப்பகம்தான் நினைவுக்கு வருகிறது. 'களஞ்சியம்' என்றால் பாதிப்பேர் கலைக்களஞ்சியத்துக்குப் போய்விடுவார்கள், நிரல் எழுதுகிறவர்களும் அதைத் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

என் ஓட்டு 'ஆய்வு வைப்பகம்'. ஈழத்தில் 'தமிழீழ வைப்பகம்' என்று ஒரு வங்கியே இருந்தது தெரியும், ஆனால் முன்னால் ஆய்வு என்று போட்டபின் யாரும் கடன் கேட்டு வரமாட்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது, ஒரே வேரிலிருந்து மற்றதெல்லாம் வந்துவிடுகிறது: கோப்பைக் கொடுப்பவர் வைப்பாளர், கொடுப்பது வைப்பிலிடுதல். பொருளைச் சேர்த்துவைக்கும் இடத்தை வள்ளுவரே 'பொருள்வைப்புழி' என்கிறார், நமக்கென்ன தயக்கம்?

அப்புறம், இப்படிப்பட்ட வைப்பகங்களை நடத்த உதவும் டிஸ்பேஸ் (DSpace) மென்பொருளில் ஒரு பதிவுக்குள் பிடிஎஃப், ஒலி, எக்செல் என்று எத்தனை கோப்பு வேண்டுமானாலும் போடலாம். அந்த ஒரு பதிவுக்கு 'உருப்படி' போதும், சலவைக்குப் போடும்போது "எத்தனை உருப்படி?" என்று கேட்கிற அதே சொல். புதிதாக ஒன்றைக் கட்டவேண்டியதில்லை.

வைப்பிலிட்டும் சில காலம் வெளியே காட்டாமல் நிறுத்திவைப்பதற்கு (embargo) ஒருவர் 'வெளியீட்டு முடக்கம்' என்று எழுதியிருந்தார். முடக்கம் என்றதும் ஏதோ தண்டனை மாதிரி ஒலிக்கிறது. காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் 'தடைக்காலம்' என்பார்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நாள் முடிந்தால் தானே கிளம்பிவிடும். ஆய்வேட்டுக்கும் அதே கணக்குத்தான், காப்புரிமை விண்ணப்பமோ புத்தக ஒப்பந்தமோ முடிகிறவரை மூடியிருக்கும், குறித்த தேதியில் தானாகத் திறந்துகொள்ளும்.

வைப்பகம் வேண்டாம் என்பவர்கள் வைப்பாளருக்கும் வைப்பிலிடுதலுக்கும் சேர்த்தே மாற்றுச் சொல் தாருங்கள். மெட்டாடேட்டாவுக்கு (கோப்பைப் பற்றிய விவரக் குறிப்புக்கு) மீத்தரவா மேனிலைத் தரவா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.