வங்கிக் கணக்கு மாறியதாக வந்த மின்னஞ்சல்: சிறு நிறுவன ஊழியர்களின் அனுபவங்கள்

திருப்பூர், பனியன் நிறுவனக் கணக்குப் பிரிவு:

எங்கள் நிறுவனத்தில் கட்டிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து நாற்பது பேர். அலுவலகத்தில் நாங்கள் நால்வர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை, வழக்கமாக நூல் வாங்கும் மில்லிலிருந்து வந்தது போன்ற ஒரு மின்னஞ்சல், தங்கள் நடப்புக் கணக்கில் தணிக்கை நடப்பதால் நிலுவைத் தொகையைப் புதிய கணக்கில் செலுத்துமாறு கேட்டது. பில் எண், தொகை, நூலின் கவுண்ட் (பருமன் அளவு) என எல்லாமே சரியாக இருந்ததால், பணியில் சேர்ந்து ஐந்து மாதமே ஆகியிருந்த தங்கை ஒருவர் 4,80,000 ரூபாயை ஆர்.டி.ஜி.எஸ். என்ற வங்கிப் பரிமாற்றம் மூலம் அனுப்பிவிட்டார்.

பிறகு முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், ஆங்கில ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி எழுதியிருந்தது கண்ணில் பட்டது. பில் விவரம் வெளியே போனது எப்படி என்று தேடியதில், எங்கள் மின்னஞ்சல் அமைப்புகளுக்குள் யாரோ ஒரு விதியைச் சேர்த்து, வரும் கடிதங்களின் நகல் எல்லாம் அறிமுகமில்லாத முகவரிக்குப் போகும்படி வைத்திருந்தது தெரிந்தது. நிறுவனத்தின் பெயரையும் தொடங்கிய ஆண்டையும் சேர்த்துக் கடவுச்சொல்லாக வைத்து, அதையே நால்வரும் பயன்படுத்தி வந்தோம்.

என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. அன்று மாலை ஐந்து மணிக்கே மில்லிலிருந்து தொலைபேசியில் பணம் கேட்டிருக்கிறார்கள். அந்தத் தங்கைக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் திட்டு விழும், சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயந்து இரவு முழுவதும் யாரிடமும் சொல்லாமல், மறுநாள் காலை பத்து மணிக்கு அழுதுகொண்டே சொன்னார். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிவு செய்தோம், வங்கிக்கும் ஓடினோம். அதற்குள் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிட்டதால் 62,000 ரூபாயை மட்டுமே முடக்க முடிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அப்படிப் பயப்படும்படி அலுவலகத்தை வைத்திருந்தவர்கள் நாங்கள்தான்.

இப்போது கணக்கு எண் மாறியதாக யார் சொன்னாலும், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பழைய பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேட்ட பிறகே பணம் போகும். 2025 ஏப்ரல் முதல் ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் ஆகிய இரண்டு வங்கிப் பரிமாற்ற முறைகளிலும் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதி வந்திருப்பதால், பெயர் பொருந்துகிறதா என்பதையும் பார்க்கிறோம். தவறு நடந்தால் உடனே சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டேன் என்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்; இதைச் சொல்ல வைக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

மதுரை, ஹார்டுவேர் கடை விற்பனையாளர்:

எங்களுக்கு நேர்ந்தது சிறியதுதான். முன்பணம் அனுப்புவதாகச் சொன்ன ஒருவர், பணம் வந்து சேர யு.பி.ஐ. பின் என்ற ரகசிய எண்ணைப் போடுங்கள் என்று கடைப் பையனிடம் கேட்க, அவனும் போட்டுவிட்டான். 9,000 ரூபாய் போயிற்று. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் ஒருபோதும் தேவையில்லை என்பதைக் கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

கோவை, பம்ப் உதிரிபாகப் பட்டறை:

திருப்பூர் அண்ணா, நீங்கள் சொன்ன அந்தப் பயம் எங்களிடமும் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை கணக்கு எழுதும் டேலி மென்பொருள் திறக்கவில்லை. கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன, பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருந்தது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக ரிமோட் இணைப்பை எளிய கடவுச்சொல்லுடன் திறந்து வைத்திருந்ததே காரணம். தினமும் பேக்கப் (கோப்புகளின் நகல்) எடுத்த ஹார்டு டிஸ்க் எப்போதும் கணினியிலேயே செருகியிருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டது. பில் புத்தகங்களைப் பார்த்து ஏழு மாதக் கணக்கை மீண்டும் ஏற்றினோம். இப்போது இரண்டு டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். ஒன்று எப்போதும் பீரோவில் இருக்கும்.

திருப்பூர், மீண்டும்:

தம்பி, பேக்கப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. எங்கள் டிஸ்க்கும் செருகியேதான் கிடந்தது, இன்றே கழற்றிவிட்டேன். எங்கள் பேக்கிங் பிரிவில் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் அதிகம். போக்குவரத்து அபராதம் என்றும் கல்யாணப் பத்திரிகை என்றும் வாட்ஸ்அப்பில் வரும், கைபேசியில் செயலியை நிறுவும் ஏ.பி.கே. கோப்புகளை அவர்கள் திறந்துவிடுகிறார்கள்; அதே கைபேசிகள்தான் எங்கள் ஆர்டர் குழுவிலும் இருக்கின்றன. தமிழில் ஒட்டிய அறிவிப்பு அவர்களுக்குப் பயன்படாது. ஆகவே வரும் சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது, ஒடியா தெரிந்த எங்கள் சூப்பர்வைசர் ஒவ்வொருவரிடமும் அந்தக் கோப்பு எப்படி இருக்கும் என்பதைக் காட்டி, 1930 என்ற எண்ணை அவர்கள் கைபேசியிலேயே பதிந்து கொடுக்கப் போகிறார்.