பழைய பைண்டிங் நாவல் ஒண்ணு, நாலு பேர் கை மாறணும். எப்படி சுத்த விடறது?

மழைநாள்:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் திருவல்லிக்கேணி பாரதி ரோடு பிளாட்பாரத்துல கலைமணி எழுதின தில்லானா மோகனாம்பாள் பைண்டிங் ஒண்ணு சிக்கிச்சு. புக்கா வந்தது இல்ல, 1957-58ல விகடன்ல தொடரா வந்தப்போ யாரோ வாராவாரம் கிழிச்சு சேத்து வச்சு தச்சது. கோபுலு வரைஞ்ச படமெல்லாம் அப்படியே இருக்கு. கடைக்காரர் 800 சொன்னார், வேணாம்னு ரெண்டடி நடந்ததும் 500க்கு இறங்கிட்டார்.

நான் முடிச்சிட்டேன். இப்போ அத்தை, ஆபீஸ்ல ஒரு ஃபிரெண்டு, கோயம்புத்தூர்ல இருக்கற சித்தப்பா மூணு பேரும் எனக்கு எனக்குன்னு நிக்கறாங்க. பேப்பர் அப்பளமா ஒடியுது, அது ஒரு பயம். இன்னொண்ணு, படிச்சவங்க என்ன தோணுச்சுன்னு எழுதணும்னு எனக்கு ஆசை, அதை ஓரத்துலயே பென்சில்ல எழுதச் சொல்லலாமா இல்ல தனி நோட்டு போடலாமா?

ஏன் கேக்கறேன்னா முதல்ல வச்சிருந்தவங்களே இதுல எழுதியிருக்காங்க. நடுவுல ஒரு வாரத்து பக்கம் இல்ல, அதுக்கு பதிலா கோடு போட்ட நோட்டு பேப்பர் ரெண்டு சேத்து தச்சிருக்கு. நீல இங்க்ல தலைப்பு, "இந்த வாரம் புஸ்தகம் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி சொன்ன கதை." சத்தியமா சொல்றேன், நாவலை விட்டுட்டு அந்த ரெண்டு பக்கத்தையே நாலு தடவை படிச்சேன்.

பழையபேப்பர்:
முதல் வேலையா எல்லா பக்கத்தையும் போன்ல படம் எடுத்து வச்சுக்கோங்க, அப்புறம் தான் மத்ததெல்லாம். இந்த மாதிரி வீட்டு பைண்டிங் பக்கவாட்டுல குத்தித் தச்சிருப்பாங்க, அது முழுசா விரியாது, விரிச்சு மேஜைல அமுக்கினா தையல் ஓரமாவே பேப்பர் கிழிஞ்சு கையோட வந்துடும், அதனால பாதி திறந்து மடியில வச்சுத்தான் படிக்கணும். கிழிஞ்ச இடத்துல செல்லோடேப் ஒட்டறேன்னு யாராவது வந்தா புக்கை பிடுங்கிடுங்க, பத்து வருஷத்துல பசை காபி கறை மாதிரி ஆயிடும், டேப் மட்டும் தனியா உதிரும். பூச்சிக்கு வசம்பு துண்டு ஒண்ணு பக்கத்துல போட்டு துணிப்பையில வைங்க. ஓரத்துல எழுதறதெல்லாம் வேண்டாம், அந்த பேப்பர்ல பென்சில் முனையே ஓட்டை போட்டுடும்.

கோவைக்குசும்பு:
தபால்ல அனுப்பற ஐடியா இருந்தா ஒண்ணு சொல்லிடறனுங்க. பழைய ரிஜிஸ்டர்ட் புக் போஸ்ட்டை 2024 டிசம்பர்லயே எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் 2025 மே மாசம் ஞான் போஸ்ட்னு ஒண்ணு வந்துது, 300 கிராமுக்கு 20 ரூபா, 5 கிலோ வரைக்கும் போனா 100, வரி தனி. ரேட்டு நல்லாத்தான் இருக்குது, ஆனா புக்ல அச்சிட்டவங்க பேரோ பதிப்பாளர் பேரோ இருக்கோணும், விளம்பரம் இருக்கக் கூடாது. உங்களுது வாரப் பத்திரிகை கிழிச்ச பக்கம், பின்னாடி தைலம் விளம்பரம் சோப்பு விளம்பரம் எல்லாம் இருக்குமுங்களே, கவுன்டர்ல பிரிச்சுப் பாத்தா திருப்பிக் குடுத்துருவாங்க. ஸ்பீட் போஸ்ட் போடலாம். என்னக் கேட்டா அறுபது வருஷத்துக்கு மேல ஆன பேப்பரை மூட்டையில போடவே கூடாதுங்க, கோவை எக்ஸ்பிரஸ்ல வர்ற ஆள் யார்கிட்டயாவது குடுத்து விடுங்க.

தஞ்சாவூர்க்காரன்:
பழையபேப்பர் சார் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. எழுதக் கூடாதுன்னா அந்த மாமி கதை உங்களுக்கு கிடைச்சிருக்குமா?

எங்க பாட்டி இதை வாராவாரம் காத்திருந்து படிச்சவங்க. நான் 68ல வந்த படத்தை டிவில பாத்துட்டு அப்புறமா கதைக்கு வந்தவன், எனக்கு கதையில வர்ற வைத்தின்னா நாகேஷ் தான், வேற மூஞ்சியே வராது. பாட்டி ஒத்துக்கவே மாட்டாங்க. படம் வர்றதுக்கு பத்து வருஷம் முன்னாடியே கோபுலு வரைஞ்சுட்டார், அவர் வரைஞ்சவர்தான் வைத்தி, நாகேஷ் வேஷம் கட்டினவர், அவ்ளோதான்னு முடிச்சுடுவாங்க. கதாநாயகன் வாசிக்கற நாதஸ்வரமும் அப்படியே. எனக்கு அந்தக் கதைன்னாலே காதுல விழறது படத்துல வாசிச்ச மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள் தான், பாட்டிக்கு அவங்க ஊர் கோயில்ல வாசிச்சவர். அதனால உங்க மூணு பேர்ல யார் படம் பாத்தவங்க யார் பாக்காதவங்கன்னு முதல்ல கேட்டுக்கோங்க, பாக்காதவங்க கையில முதல்ல குடுங்க.

காபிடம்ளர்:
ஓரத்துல எழுத விட்டா என்ன ஆகும்னு எங்க ஊர் லெண்டிங் லைப்ரரில பாத்தாச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு க்ரைம் நாவலை பிரிச்சா மூணாம் பக்கத்துலயே பால்பாயிண்ட்ல "டிரைவர் தான் கொலைகாரன், டைம் வேஸ்ட் பண்ணாதே". அவனை இன்னைக்கும் தேடிட்டு இருக்கேன். துண்டுச் சீட்டுல எழுதி ஒரு கவர்ல போடச் சொல்லுங்க சிஸ்டர், படிச்சு முடிச்சவங்க மட்டும் கவரைப் பிரிக்கணும்.

மழைநாள்:
எல்லாருக்கும் தேங்க்ஸ். படம் எடுத்தாச்சு, வசம்பு போட்டாச்சு, கவரும் ரெடி. தஞ்சாவூர் சார், எங்க வீட்ல படம் பாக்காத ஆளே கிடையாது, அதனால வயசுல மூத்தவங்கன்னு அத்தைக்கு குடுத்தேன், ஒன்பது நாள்ல முடிச்சுட்டாங்க. முடிச்ச கையோட கன்னிமரா லைப்ரரிக்கு போயி புக்கா வந்ததை எடுத்து, விட்டுப்போன அந்த வாரத்தை ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. மாமி சொன்னதுல பாதி கதையிலயே இல்லையாம். துண்டுச் சீட்டுல என்ன எழுதினாங்கன்னு சொல்ல மாட்டேன், கவர் ரூல் இருக்கே. "கலைமணியை விட மாமி தேவலை"ன்னு வாய்விட்டு சொன்னதை மட்டும் சொல்லலாம்னு நினைக்கறேன்.

ஃபிரெண்டு இப்போ பாதியில இருக்கா. அடுத்து சித்தப்பா. இந்த மாசக் கடைசில சென்னையிலேர்ந்து கோவை பக்கம் போறவங்க யாராவது இருக்கீங்களா? பை கனமில்ல, ஆனா லக்கேஜ் ரேக்ல வைக்காம மடியில வச்சுக்கற ஆளா இருக்கணும்.