பாரிஸில் வியாழன் முதல் புதன் வரை: எந்தப் பயண அட்டை?

வியாழன் காலை சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கி, அடுத்த புதன் மாலை அங்கிருந்தே திரும்பவிருக்கும் எனக்கும் பெற்றோருக்கும் எந்த அட்டை பொருந்தும் என்று முடிவெடுக்க இயலவில்லை. பாரிஸ் வட்டார மெட்ரோ, ரயில், பேருந்துகளுக்கான நவிகோ வார அட்டை விமான நிலைய ரயிலுக்கும் நகருக்கு வெளியே உள்ள வெர்சாய் அரண்மனைக்குப் போகும் ரயிலுக்கும் செல்லும் என்றாலும், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்றில்லாமல் திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டுமே கணக்கு. எங்கள் பயணமோ இரண்டு வாரங்களில் விழுகிறது. நாள் அட்டையைப் பார்த்தேன், அது விமான நிலையத்துக்குச் செல்லாது. சுற்றுலாப் பயணிகளுக்கான பாரிஸ் விசிட் அட்டை அதிகபட்சம் ஐந்து நாள்தான். தங்குமிடம் பாரிஸின் மோன்பர்னாஸ் பகுதி அருகில். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் சிறு தூரத்துக்கும் பேருந்து வேண்டும், ஆனால் 2025 ஜனவரி முதல் மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் தனித்தனிச் சீட்டு. ஞாயிறுக்குப் பிந்தைய மூன்று நாள்களுக்கு மீண்டும் வார அட்டையே வாங்குவதா, தனிச் சீட்டுகள் எடுப்பதா, எது சிக்கனம்?